துப்பாக்கிக்குப் பழப்புளி

இன்று இந்த ஊர்த் தமிழர் கடைத்தெருவான லா ஷப்பலில் ஒரு கடைக்குப் புளி வாங்கப் போனேன். துப்பாக்கிக்கு.

பதறாதீர்கள். லைசென்ஸ் இருக்கிறது, கிளப்பில் சுடுவது காகிதத்தைத்தான். ஆனால் என் கிழட்டு ரைஃபிளுக்குப் பொருந்தும் தோட்டா இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. அதனால் சுட்டதும் குனிந்து, கீழே விழுந்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி, வீட்டில் துலக்கி, மருந்தும் குண்டும் வைத்து நானே மறுபடி தோட்டா செய்துகொள்கிறேன். துலக்குவதற்குக் கிளப்பில் மற்றவர்கள் மெஷின் வைத்திருக்கிறார்கள். நான் புளி வைத்திருக்கிறேன். என்னுடையதுதான் அதிகம் மின்னும்.

கல்லாவில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா கேட்டார், “பழப்புளி விளக்குத் துலக்கவோ தம்பி?”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், சட்டைப் பையிலிருந்த வெற்றுக் கூட்டை எடுத்துக் காட்டினேன். எனக்குப் பின்னால் நின்ற வரிசை ஓரடி தள்ளிப் போனது.

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வெடிச்ச கோதுகளை நீங்களே பொறுக்கிறியளோ?”

“ஆமாக்கா. புதுசு கிடைக்கிறதில்ல.”

“எங்கட வீட்டு முற்றத்திலை இது ஈசல் மாதிரிக் கிடந்தது. அந்த நேரம் நீங்கள் வந்திருந்தா எனக்குக் கூட்டுற வேலை மிச்சம்.”

வரிசை சிரித்தது. எனக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

மீதிச் சில்லறையோடு அடுத்த கேள்வியும் வந்தது. “அப்ப வீட்டு விளக்கை ஆர் துலக்கிறது?”

“நான்தான்,” என்றேன்.

எங்கள் வீட்டு விளக்கு கறுத்துக் கிடக்கிறது. என் மனைவி இந்தப் பக்கத்தைப் படிப்பாள். கமெண்டில் கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள்.