அப்பா கேட்ட ஹ்மான்

எங்கள் வீட்டுப் பீரோவில் கண்ணாடி கிடையாது. கதவில் ஆளுயரச் சட்டம் உண்டு. கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில் பலகை அடித்திருக்கும். சின்ன வயதில் அதன் முன் நின்று தலை வாரினால், பலகைக்குப் பின்னாலிருந்து யாரோ என்னையே பார்ப்பதுபோல இருக்கும். அம்மாவிடம் கேட்டால், "கண்ணாடி இருந்தா நீ வேலை பாப்பியா?" என்று வாயை அடைத்துவிடுவாள். ஐம்பது வயதாகியும் அதைக் கடக்கும்போது முதுகு கூசும். வெட்கக்கேடுதான், என்ன செய்ய.

பர்மாவில், பபேடான் கடைத்தெருவில் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறேன். போட்டாதாங் துறைமுகக் கிடங்கில் காவல் வேலை பார்த்த அப்பா விட்டுப்போனது அந்தப் பீரோவும், அடித்தட்டில் கைலியில் சுற்றிவைத்த பழைய பிஸ்டலும்தான். சாகக்கிடந்தபோது என்னைப் பார்த்து, "ஹ்மான் இல்லல்ல?" என்றார். அதோடு பேச்சு நின்றது.

எங்கள் வீட்டில் பாதி தமிழ், பாதி பர்மியம். பர்மியத்தில் ஹ்மான் என்றால் குறி சரியாகப் போய்ப் படுவது. பிஸ்டல் குறி தப்பும் என்று சொல்லிவிட்டுப் போகிறார் என நானும் தம்பியும் முடிவுகட்டி, பயமில்லாமல் வைத்துக்கொண்டோம். மடத்தனம்.

போன மழைக்காலத்தில் தம்பி அதை வெளியே எடுத்தான். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற டாலாவுக்குச் சரக்கு கொண்டுபோகிற வழியில் இரண்டு முறை அவனை மறித்துப் பறித்திருந்தார்கள்.

"இடுப்புல வச்சுக்கிறேன்க்கா. சுடவா போறேன்? சும்மா காட்டத்தான்."

"சோதனையில மாட்டுனா உன் பொணம்கூட வீட்டுக்கு வராது. புரியுதா?"

"உன் வாயில நல்லதே வராதா?" பிஸ்டலை ஆட்டிக் காட்டினான். கடகடவென்றது. "பாரு, ஓட்டை. இது எங்க நேரா சுடும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிடுங்கினேன். தோட்டா எதுவும் இல்லை என்று முதலில் பார்த்துக்கொண்டேன். எனக்குத் துப்பாக்கி தெரியாது, இரும்பு தெரியும். பழைய மெஷினில் பாகங்களுக்கு நடுவே கொஞ்சம் ஆட்டம் விட்டிருப்பார்கள். தூசி விழுந்தாலும் நிற்காமல் ஓடும். இதுவும் அந்த ஜாதி. மேல்பாகத்தை இழுத்து இழுத்து விட்டேன். குழாயின் வாய் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது, மயிரிழைகூட விலகவில்லை.

"டேய், இது குறி தப்பாதுடா."

திரும்ப ஆட்டினேன். உள்ளே ஊசி ஒன்று தடுப்பில்லாமல் முன்னும் பின்னும் ஓடியது. அதை மெல்லத் தரையில் வைத்தேன். "தோட்டா இருந்தா, கீழ விழுந்தாலே வெடிக்கும். இதையா இடுப்புல வச்சுக்கப் போற?"

அவன் கேட்கிற ஆளா. "அடுத்த லோடு வரைக்கும் ஒளிச்சு வைப்போம்" என்று பீரோப் பலகையின் ஆணிகளைப் பிடுங்கினான்.

பலகை விழுந்தது. சட்டத்தின் ஓரமெல்லாம் கண்ணாடிச் சில்லுகள் இன்னும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. பின்மரத்தில் விரல் நுழையும் துளை. யாரோ மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள். சட்டத்தின் பக்கத்தில் அம்மா பென்சிலால் போட்ட என் உயரக் கோடுகள். ஆறு வயதுக் கோட்டுக்குச் சற்றுக் கீழே அந்தத் துளை.

தம்பி என் தலையைப் பார்த்தான். வலது காதுக்கு மேலே முடி முளைக்காத ஒரு கோடு உண்டு. டாலாவில் சைக்கா என்கிற மூன்று சக்கர சைக்கிள் வண்டியிலிருந்து விழுந்த காயம் என்று அம்மா சொல்லி வளர்த்தது.

"அப்பா இதக் கை தவறிக் கீழ போட்டிருக்காரு" என்றான். பிறகு, "பர்மியத்துல கண்ணாடியும் ஹ்மான்தானே. கண்ணாடி இல்லன்னு சொன்னாரோ?"

இல்லை. அவர் சொல்லவில்லை, என்மேல் படவில்லையே என்று கேட்டார். அன்று அவர் கண் என் முகத்தில் இல்லை, காதுக்கு மேலே இருந்தது. இத்தனை வருஷம் இதை எப்படி மறந்தேன்?

மறுநாள் காலை டாலா படகில் ஏறினோம். என் கருவிப் பையில் இரும்போடு இரும்பாகப் பிஸ்டல் கிடந்தது. நடு ஆற்றில் தம்பிதான் எடுத்துப் போட்டான். அதற்கப்புறம் இடுப்பைப்பற்றி அவன் பேசவே இல்லை.

நான் காதுக்கு மேலே தடவிப் பார்த்துக்கொண்டேன்.

"படலப்பா" என்றேன்.