ஐந்து முகங்கள், நான்கு பேர்

பல் கட்டுவதற்கு அச்செடுத்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் அந்த மணம் தெரிந்திருக்கும். பெப்பர்மின்ட் இனிப்பை ஈரச் சுண்ணாம்பில் கரைத்தது போல ஒன்று. ஒஸ்லோ நகர நடுவில் ஓர் ஏல நிறுவனத்தின் மண்டபத்தில், கண்ணாடிப் பெட்டி ஒன்றின் முன்னால் நின்றபோது அது என் மூக்கில் ஏறியது. உள்ளே இருந்த அவ்வளவு பழைய முக அச்சுக்கு மணம் இருக்காது என்பது எனக்கும் தெரியும். சந்தேகத்தில் பக்கத்தில் நின்ற சிந்துஜாவைக் கேட்டேன்.

"ஒண்டும் மணக்கேல்லை மாமா. ஈரக் கோட்டுதான் மணக்குது."

அதுவும் உண்மைதான். வெளியே பனி உருகிக்கொண்டிருந்தது. மண்டபத்தில் கோட்டு மாட்ட இருந்த கொக்கிகள் இருபத்துநான்கு. வந்திருந்த சனமோ அதைப்போல் மூன்று மடங்கு. மீதிப் பேர் கோட்டைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றார்கள், நானும் அவர்களில் ஒருவன். எண்ணுவது என் வியாதி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிந்துஜா என் கூட்டாளி லிங்கத்தின் மகள். துரொண்ட்ஹெய்மில் பொறியியலாளராக இருக்கிறாள். லிங்கம் போன வருடம் இறந்துவிட்டான். அதற்குப் பிறகு அவள் தகப்பனைப் பற்றி எதையாவது தேடிக்கொண்டே இருக்கிறாள் என்று நினைக்கிறேன். ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "மாமா, நீங்களும் அப்பாவும் நடிச்ச அந்த ரீவி நாடகத்தின்ரை சாமானெல்லாம் ஏலத்துக்கு வருது. முகத்திலை எடுத்த அச்சும் இருக்காம். அதை நான் எப்பிடியும் வாங்கவேணும். எது அப்பா எண்டு நீங்கள்தான் வந்து காட்டவேணும்."

ஏலத்துக்கு முன்பு ஒரு நாள் பொருட்களைப் பார்ப்பதற்குத் திறந்துவிடுவார்கள். அதை இங்கே விஸ்னிங் என்பார்கள். வீடு வாங்கப் போனாலும் இதே சொல்தான், இதே தள்ளுமுள்ளுதான். நான் இருக்கிற ஹவுகெட்டோவில் ரயில் பிந்தியது. நிலையத்து இறக்கத்தில் பனிக்கட்டி உறைந்திருந்தும் வழுக்காமலிருக்க ஒருவரும் பொடிக்கல்லுப் போட்டிருக்கவில்லை. என்னுடைய வயதில் வழுக்கி விழுந்தால் எழும்புவது ஒரு திட்டமிட்ட வேலை. இதற்கெல்லாம் வரத்தான் வேண்டுமா என்று புறுபுறுத்துக்கொண்டே வந்து சேர்ந்தேன்.

நாங்கள் நடித்தது என்பது பெரிய சொல். அது பிள்ளைகளுக்காக இங்கே எடுத்த தொடர். தூரக் கிரகத்துக் கப்பல் ஒன்று நோர்வேயின் கடற்கழியில், உறைந்த பனிக்குள் அகப்பட்டுவிடுகிறது. அதிலிருந்து இறங்கும் வெளிக்கிரகத்தார் நாங்கள். வெள்ளி நிற அங்கி, பெரிய நெற்றி வைத்த றப்பர் முகம். வசனம் கிடையாது, முனகல் மட்டும். அந்தக் கப்பலின் கதவு மண்டபத்தின் ஒரு மூலையில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். பலகைக்கு வெள்ளிப் பூச்சு. பொத்தான்களில் பாதி போத்தல் மூடி.

அப்போதுதான் ஒரு காட்சி. ஐம்பது வயதைத் தாண்டிய நோர்வேக்காரர் ஒருவர், தாடி, வயிறு, மார்பில் தொடரின் சின்னம். எதிரே வந்த இன்னொருவரைக் கண்டதும் நின்றார். இரண்டு கைகளையும் குறுக்காக மடக்கி, விரல் முட்டியால் நெற்றிப்பொட்டில் மூன்று முறை குட்டிக்கொண்டார். மற்றவரும் பதிலுக்குக் குட்டிக்கொண்டார். பிறகு இருவரும் சாதாரணமாகக் கைகுலுக்கி ரயில் பிந்தியதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். மண்டபத்தில் நாலு பக்கமும் ஆட்கள் குட்டிக்கொண்டிருந்தார்கள்.

சிந்துஜா என் கையைப் பிடித்தாள். "மாமா, இவை என்ன, பிள்ளையாருக்கெல்லோ குட்டினம்?"

"ஓம். உன்ரை கொப்பரின்ரை வேலை."

அந்த நாளில் நாங்கள் வெஸ்ட்லியில், மெட்ரோ கடைசித் தரிப்பிடத்துக்குப் பக்கத்து மாடிவீடு ஒன்றில் இருந்தோம். நாலு பேர். வடமராட்சியிலிருந்து லிங்கம், மன்னாரிலிருந்து செபமாலை, தீவுப்பகுதியிலிருந்து யேசுவும் நானும். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம். பகலில் மொழி வகுப்பு, மிச்ச நேரத்தில் சமையல், சண்டை, சீட்டு. ஒரு நாள் வகுப்பு ஆசிரியை வந்து, தொலைக்காட்சிக்காரருக்கு மெலிந்த, கட்டையான ஆட்கள் நாலு பேர் வேண்டுமாம் என்றார். நோர்வேக்காரரில் அப்படி ஆள் அகப்படவில்லையாம். எங்களுக்கு அது அவமானமாகப் படவில்லை. படப்பிடிப்புத் தளம் சூடாக இருக்கும் என்பதும், மதியச் சாப்பாடு தருவார்கள் என்பதும் முதலில் தெரிந்துவிட்டன.

முதல் நாள் இயக்குநர் சொன்னார், "உங்கள் கிரகத்தில் ஒருவரையொருவர் எப்படி வணங்குவீர்கள்? ஏதாவது செய்து காட்டுங்கள்." நாங்கள் மூன்று வேதக்காரரும் முழித்தோம். சிலுவை போட்டுக் காட்டினால் இவர்களுக்குப் புதினம் இல்லை. லிங்கம் யோசிக்கவேயில்லை. பிள்ளையாருக்கு முன்னால் நிற்பதைப் போல நின்று மூன்று தரம் குட்டினான். இயக்குநர் கைதட்டினார். அன்றிலிருந்து, ஞானஸ்நானம் பெற்று, புது நன்மை எடுத்து, பாடற்குழுவில் பாடிய நான், நோர்வே முழுவதும் பார்க்கப் பிள்ளையாருக்குக் குட்டிக்கொண்டேன். அம்மாவுக்கு எழுதும் கடிதங்களில் இதைத் தவிர எல்லாவற்றையும் எழுதினேன்.

குட்டு நன்றாகத்தான் போனது. மீசையில்தான் பிரச்சினை. றப்பர் முகத்தை மேலுதட்டில் பசை வைத்து ஒட்டவேண்டும். ஒப்பனைக்காரி, நரைத்த கொண்டை போட்ட அன்பான மனுசி, நாலு பேரையும் மீசையை வழித்துவிட்டு வரச் சொன்னார். நாங்கள் மூவரும் வழித்துவிட்டோம். லிங்கம் மாட்டேன் என்றான்.

"மயிர்தானேடா, முளைக்கும்," என்றான் யேசு.

"அப்பா உயிரோடை இருக்கேக்கை நான் எடுக்கமாட்டன்."

"மீசை உனக்கோ, கொப்பருக்கோ?" என்று கேட்டேன் நான்.

"அப்பாவுக்குத்தான்."

தகப்பன் செத்தால் கொள்ளி வைக்கிற பிள்ளை மீசையை எடுப்பது அவர்கள் வழக்கம். தகப்பன் உயிரோடு இருக்கும்போது எடுத்தால் அவரைச் சாகச்சொல்லிக் கேட்பது போல. இதை நோர்வே மொழியில் விளங்கப்படுத்த எங்கள் நாலு பேரிடமும் சொற்கள் போதவில்லை. ஒப்பனைக்காரி பெருமூச்சு விட்டு, மீசைமேல் வாசலைன் அப்பி, அதோடே அச்செடுத்தார். பிறகென்ன, படப்பிடிப்பில் அவனுடைய மேலுதடு மட்டும் கழன்று கழன்று தொங்கியது. அவனைப் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது கண்ணாடிப் பெட்டிக்கு வருவோம். உள்ளே வெள்ளை முகங்கள், கண் மூடியபடி, மயிரில்லாமல், வரிசையாக. ஒன்றின் மேலுதட்டில் மட்டும் தடித்த மயிர்க்கொட்டிப் புழு ஒன்று படுத்திருப்பது போல ஒரு புடைப்பு. எனக்கு வேறு அடையாளம் தேவைப்படவில்லை.

"இதுதான் கொப்பர்," என்றேன்.

சிந்துஜா என்னைப் பார்த்தாள். "இல்லை மாமா. அப்பாவுக்கு மீசையே இல்லையே. நான் பிறந்ததிலை இருந்து கண்டதில்லை." அவள் விரல் வரிசையின் கடைசி முகத்தை நோக்கி நின்றது. "இதுதான் அப்பா. இடது கண்ணுக்குக் கீழை பாருங்கோ, கொப்புளிப்பான் வந்த குழி."

குழி இருந்தது. மீசைக்காரனைத் திரும்பப் பார்த்தேன். அதே இடத்தில் அங்கேயும் இருந்தது. எதையும் எண்ணுகிற நான் அந்த வரிசையை அதுவரை எண்ணவில்லை. எண்ணினேன். முகங்கள் ஐந்து. ஆட்கள் நாலு பேர்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அது முழுதாக ஞாபகத்துக்கு வந்தது. செய்தி ஊரிலிருந்து கொழும்புக்கும், கொழும்பிலிருந்து இலண்டனுக்கும், அங்கிருந்து எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கும் வந்து சேர்ந்தபோது அங்கே தகப்பனின் எட்டாம் நாள் காரியம், எட்டுச் செலவும், முடிந்திருந்தது. தம்பி கொள்ளி வைத்துவிட்டான். லிங்கம் போகவும் முடியாது. போனால் திரும்பி வரவும் முடியாது. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். வெளியே வந்தபோது அவன் முகம் சின்னப் பிள்ளையின் முகம் போல இருந்தது. 

தளத்தில் ஒப்பனைக்காரி அவனைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். "கடைசியில் மனம் மாறிவிட்டாயே. இப்போது எவ்வளவு வடிவு," என்று கன்னத்தைத் தட்டினார். அவன் தலையாட்டினான். உடனே புது அச்செடுக்க உட்கார்த்தினார். முகம் முழுக்க அந்தப் பெப்பர்மின்ட் மா, அதற்கு மேல் சுண்ணாம்புத் துணி, மூச்சுவிட மூக்குத்துளை மட்டும். அவனுக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்பதற்காக நான் பக்கத்தில் நின்றேன். இறுகியதும் கழற்ற வந்தார். லிங்கம் கையைக் கொஞ்சம் உயர்த்தி, பொறுங்கள் என்று காட்டினான். வலிக்கிறதாக்கும் என்று அவர் பயந்துவிட்டார். கடைசியில் கழற்றியபிறகு என்னிடம் மெல்லச் சொன்னான், "உள்ளுக்கை இருக்க நல்லா இருந்தது. ஒருத்தரும் கதைக்கினமில்லை."

அடுத்த பாகத்திலிருந்து அவனுக்கு முன்வரிசை. தகப்பன் செத்துக் கிடைத்த முன்வரிசை. பிறகு நாங்கள் எல்லாரும் மீசையை வளர்த்தோம், அவன் வளர்க்கவில்லை. ஒருமுறை கேட்டேன். "இனி ஆருக்கு?" என்றான்.

இவ்வளவையும் நான் சிந்துஜாவுக்குச் சொன்னேன். நின்றபடி, கோட்டைக் கையில் பிடித்தபடி, தோள் கடுத்தது. அவள் வெள்ளைத் துணிக் கையுறை போட்ட ஏல நிறுவனப் பெண்ணைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். பார்வை நாளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். மீசைக்காரனை இரண்டு கையிலும் வாங்கினாள்.

அந்த நேரம் பார்த்துத் தாடிக்காரர் வந்தார். வந்ததும் முகங்களுக்கு முன்னால் ஒருமுறை குட்டிக்கொண்டார். "அது ஐந்தாவது ஆள்," என்றார் சிந்துஜாவின் கையைக் காட்டி. "திரையில் நாலு பேர்தான். அச்சு மட்டும் ஐந்து. ஐந்தாவது ஆள் ஏன் வரவேயில்லை என்று எங்கள் ரசிகர் கழகத்தில் எத்தனை வருடமாக வாதாடுகிறோம் தெரியுமா? முழுத் தொகுதியையும் வாங்கத்தான் வந்தேன்." நல்ல மனுசன். கண்ணெல்லாம் ஒளி. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கையுறைப் பெண் என்னைக் கவனித்திருக்க வேண்டும். "உங்களுக்கு இவர்களைத் தெரியுமா? விவரப் பட்டியலில் அறியப்படாதவர்கள் என்றுதான் போட்டிருக்கிறோம். பெயர்கள் கிடைத்தால் ஏலத்தில் அறிவிக்கலாம். சேகரிப்பவர்கள் மிகவும் விரும்புவார்கள்."

அந்தத் தொடரின் முடிவில் ஓடும் பெயர்களில் நாங்கள் இல்லை. மொழி வகுப்பு மாணவர்களுக்கு நன்றி என்று ஒரு வரி, அவ்வளவுதான். இந்த நாட்டில் என் பெயரை வங்கியில் ஒருவிதமாகவும் வைத்தியசாலையில் இன்னொருவிதமாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். நாலு பெயரையும் நானே எழுத்துக்கூட்டிச் சொல்ல, ஒரு பெண் பேனையோடு காத்துக்கொண்டு நிற்கிறாள். இப்படி ஒரு நாள் எனக்கு வேறு வந்ததில்லை. வாயைத் திறந்தேன்.

"மாமா," என்றாள் சிந்துஜா தமிழில், முகத்தைப் பார்த்தபடியே. "சொல்லாதேங்கோ. பேர் தெரிஞ்சா விலை ஏறும். கதையும் சேர்ந்தா நான் கிட்டவும் போகேலாது."

"உன்ரை கொப்பரின்ரை பேரெல்லோ, பிள்ளை."

"பேர் என்னட்டை இருக்கு மாமா. முகம்தான் இல்லை."

கையுறைப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தாடிக்காரரும் பார்த்தார்.

"தெரியாது," என்றேன் நோர்வே மொழியில். "நானும் சும்மா பார்க்கத்தான் வந்தேன்."

தாடிக்காரர் ஏமாற்றத்தோடு தலையாட்டினார். போகும்போது என்னைப் பார்த்தும் ஒருமுறை குட்டிக்கொண்டார். நான் பதிலுக்குக் குட்டவில்லை. கை தானாக உயரப் பார்த்தது, கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஐந்து முகங்களும் ஒரே தொகுதி. அவள் அதை வீட்டிலிருந்து கணினியிலேயே ஏலத்தில் எடுத்தாள். தாடிக்காரர் கடைசிவரை கூடவே ஏறி வந்து, அவளுடைய எல்லைக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டாராம். பிறகு ஒரு நாள் பெட்டியோடு வந்தாள். லிங்கத்தின் இரண்டையும் தான் வைத்துக்கொண்டு, துவாய் சுற்றிய மற்ற மூன்றையும் என் மேசையில் வரிசையாக வைத்தாள்.

"இதிலை உங்கடை எது மாமா?"

பார்த்தேன். மூக்கைத் தடவிப் பார்த்தேன், கண்ணாடியில் போய் என் மூக்கையும் பார்த்தேன். மூன்று மெலிந்த பெடியள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்கள். யேசு கனடாவில் இறந்தான், செபமாலை இலண்டனில். தெரிந்தால் அவர்கள் பிள்ளைகளுக்கு அனுப்பலாம். மனைவியைக் கூப்பிட்டேன்.

"எனக்கெப்பிடித் தெரியும்?" என்றாள் கையைத் துடைத்தபடி. "நான் வரேக்கை உங்களுக்கு மீசை இருந்தது."

வெஸ்ட்லி வீட்டில் இப்போது யாரோ இருக்கிறார்கள். படப்பிடிப்புத் தளத்தை இடித்துக் குடியிருப்புக் கட்டிவிட்டார்கள். ஒப்பனைக்காரி எப்போதோ போயிருப்பார். மூன்று முகங்களும் என் புத்தகத் தட்டில் இருக்கின்றன. ஒரு கிழமை ஒன்றை நான் என்று நினைக்கிறேன், அடுத்த கிழமை மற்றதை. கேட்டவுடனே சிரித்துக்கொண்டு, இது நீ, இது யேசு, அது செபமாலை என்று விரலை நீட்டிச் சொல்லக்கூடிய ஒருவன் இருந்தான். அவனைத் துரொண்ட்ஹெய்மில், ஒரு தட்டில், மீசையோடும் மீசையில்லாமலும் மகள் வைத்திருக்கிறாள்.