கடலுக்குப் போன பஸ் எஞ்சின்

காலை ஆறு மணிக்குத் திருநெல்வேலியில் பஸ் ஏறினேன். மடியில் சாக்கில் சுற்றிய புது டர்போ, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் விசிறி. அது என்ன என்று கேட்ட கண்டக்டரிடம், உங்கள் பஸ் எஞ்சினிலும் இது உண்டு என்றேன். அவர் நம்பாமல் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

நாகர்கோவில் எண்பது கிலோமீட்டர். அங்கிருந்து மார்த்தாண்டம், பிறகு புதுக்கடை. அங்கே பதினைந்து ரூபாய்க்கு டீ குடித்துக்கொண்டிருந்தபோது, இனயம் என்ற கடற்கரை ஊர்க்காரர் ஜெரால்டு பைக்கில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். பழைய பஸ் எஞ்சினைத் தன் மீன்பிடிப் போட்டில் வைத்திருப்பவர். அதற்கு டர்போ மாட்டிக் கொடுத்தவன் நான். மாட்டிய இரண்டும் கருகிவிட்டன. இரண்டாவது ஆழ்கடலில் கருகியதால் வேறொரு போட்டுதான் இவர் போட்டைக் கட்டி இழுத்து வந்தது. இதுவும் போனால் போட்டை விற்க வேண்டியதுதான் என்றார். மறுநாள் விடியலில் அவர்கள் கடலுக்குப் போக வேண்டும்.

டர்போவின் தண்டு எண்ணெயில் மிதந்தபடி சுற்றுவது. எஞ்சின் ஓடும்வரைதான் எண்ணெய் வரும். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் எண்ணெய்க் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தேன், அடைப்பில்லை. அழுத்தமும் சரி. புது டர்போவின் வாயில் எண்ணெய் ஊற்றிக் கையால் சுற்றிவிட்டு மாட்டினேன். குறை எங்கே என்று மட்டும் பிடிபடவில்லை. ஜெரால்டின் வீட்டிலிருந்து வந்த மரச்சீனிக் கிழங்கும் சூரை மீன் கறியும் அந்தக் கவலையிலும் நன்றாகவே இறங்கின.

மூன்று மணிக்கு ஓட்டிப் பார்க்கப் போனோம். எனக்குத் தலை சுற்றியது. போட்டு டிரைவர் மரியதாசன் ஓர் எலுமிச்சம்பழத்தை என் கையில் வைத்தார். திரும்பும்போது முழு வேகம். மாதா கோயில் கோபுரம் தெரிந்ததும், எப்போதும்போல, சட்டென்று எஞ்சினை அணைத்தார். எல்லோரும் எழுந்து நின்று ஜெபம் சொன்னார்கள். அந்த அமைதியில் டர்போ மட்டும் எண்ணெயில்லாமல் விசிலடித்துச் சுற்றுவது எனக்குக் கேட்டது. ஆமென் சொல்லும்வரை நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு விளக்கினேன். முழு வேகத்தில் அணைத்தால் எண்ணெய் நின்றுவிடும், டர்போ வறண்டு சுற்றிக் கருகும். டர்போ இல்லாத காலத்தில் இப்படி அணைத்ததில் கெடுதல் இல்லை. இப்போது முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, ஜெபம் முடியும்வரை மெதுவாக ஓடவிட்டு, கரையில் அணைத்தால் போதும்.

மரியதாசன் கவலையோடு கேட்டார்: "எஞ்சின் சத்தத்துல மாதாவுக்குக் கேக்குமா?"

"கடல் சத்தத்துலயே கேக்குதுல்லா, மக்கா" என்றார் ஜெரால்டு.

இன்னொரு முறை போய் வந்தோம். இந்தத் தடவை எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருக்க ஜெபம் நடந்தது. முடிவில் மரியதாசன் ஒரு வரி சேர்த்தார்: "எஞ்சினப் பாக்க வந்த அண்ணனையும் பத்திரமா வீட்டுல கொண்டு சேக்கணும், தாயே." முப்பது வருடமாக எஞ்சின் பார்க்கிறேன். நன்றி சொன்னவர்கள் உண்டு. எனக்காக வேண்டிக்கொண்டவர்களை அன்றுதான் கண்டேன். கண் கலங்கிவிட்டது.

அன்று இரவு திருநெல்வேலியில் பஸ் நின்றதும் டிரைவர் எஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். எல்லோரும் இறங்கிய பிறகும் நான் உட்கார்ந்திருந்தேன். அது அணையும்வரை, விடியலில் கிளம்பும் அந்தப் போட்டு பத்திரமாகக் கரை திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.