இலைக்கு ஏழு ஓட்டை

காரைக்குடி ஸ்டேஷனில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிறார்கள். நேற்று எழும்பூரில் ஏறியதிலிருந்து பின்னுகிறேன்; கம்பளிச் சால்வை நான்கு விரல் அகலம்தான் வளர்ந்திருக்கிறது. அதிலும் விழுப்புரத்திலிருந்தே ஊசியில் ஒரு கண்ணி குறைகிறது. எங்கே விட்டேன் என்று தெரியவில்லை.

பனையோலைக் கொட்டான் கூடையோடு ஏறிய ஓர் ஆச்சி எதிரே உட்கார்கிறார்.

“இந்த வெயில்ல கம்பளியா பின்னுறீக?”

“தங்கச்சி அடுத்த மாசம் குன்னூருக்குக் குடிபோறா ஆச்சி. ஆனா கணக்கு உதைக்குது.”

சால்வையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் விரிக்கிறார். ஓலை பின்னிப் பழகிய விரல், இலை இலையாக விழுந்திருக்கும் பூவேலைத் துளைகளைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிற்கிறது.

“எல்லா இலையிலயும் ஏழு ஓட்டை. இதுல ஆறு. பாத்தீகளா?”

அதேதான்! ஊசியை உருவிவிட்டு இழையைப் பிடித்து இழுக்கிறேன்.

“அடியாத்தீ, அம்புட்டையுமா பிரிக்கிறீக?” என்று பதறுகிறார். ஆனால் அவர் கை அதற்குள் நூலை உருண்டையாகச் சுற்றத் தொடங்கிவிட்டது.

ரயில் நகர்கிறது. சால்வை இரண்டு விரல் அகலமாகிவிட்டது, மனம் துள்ளுகிறது. மறுபடி பின்னுகிறேன். இலையில் விழும் ஓட்டைகளை ஒன்று, இரண்டு என்று ஆச்சி உரக்க எண்ணுகிறார்.

கல்லல் வருகிறது. அவர் இறங்க வேண்டிய ஊர்.

“அஞ்சுதானே ஆயிருக்கு? நான் சிவகங்கையில எறங்கிக்கிறேன். நீங்க பின்னுங்க.”