சிவப்பு அட்டை

லண்டன் மனோர் பார்க்கில் நான் படிப்பிக்கும் ஆரம்பப் பள்ளியில் வருடத்தில் ஒரு தவணை வேறொரு நாட்டின் கதை. சென்ற வருடம் என் ஐந்தாம் வகுப்புக்கு வாய்த்தது அமெரிக்கா தொடங்கிய கதை. வரியை எதிர்த்துத் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள் என்றதும், வரியை விட்டுவிட்டு, நல்ல தேயிலை வீணானதற்குத்தான் பிள்ளைகள் வருத்தப்பட்டார்கள். இங்கிலாந்துப் பிள்ளைகள், வேறென்ன செய்வார்கள்.

அந்தப் புது நாட்டுக்குச் சட்டம் எழுதியவர்கள் எல்லோருக்கும் வாக்குரிமை கொடுக்கவில்லை. இதை வாயால் சொன்னால் மண்டையில் ஏறாது என்று ஒரு விளையாட்டு வைத்தேன். முப்பது அட்டைகள், பாதி வெள்ளை, பாதி சிவப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயரை எழுதினேன். இரண்டு நாளைக்கு வகுப்பில் எதைத் தீர்மானித்தாலும் வெள்ளை அட்டைக்குத்தான் வாக்கு. சிவப்பு வாய் திறக்கக் கூடாது. மூன்றாம் நாள் சிவப்பையெல்லாம் கிழித்துப்போட்டு எல்லோரும் வாக்களிப்பதாகத் திட்டம்.

வகுப்பில் இருந்த ஒரே தமிழ்ப் பிள்ளை, மன்னாரிலிருந்து தாயோடு வந்து ஐந்து மாதமான சிறுமி. அவர்களின் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. அவள் பெயரை முதலில் வெள்ளையில்தான் எழுதினேன். பிறகு, தன் ஆளுக்குப் பார்க்கிறாள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து சிவப்புக்கு மாற்றினேன். உத்தியோகத்தில் இருக்கும் நம்மவர்களுக்கு இந்தப் பயம் கூடவே பிறந்தது. நியாயமாக நடப்பதாக நினைத்துக்கொண்டு நம் பிள்ளையின் தலையில்தான் கை வைப்போம்.

சிவப்பு கிடைத்தவர்கள் வகுப்பை இரண்டாக்கினார்கள். "நான் என்ன பவுல் செய்தேன்?" என்று காற்பந்துப் பைத்தியம் ஒருவன் துள்ளினான். அவள் மட்டும் முணுமுணுக்கவில்லை. அட்டையை இரண்டு பக்கமும் பார்த்து, பையின் உள்ளறையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். எவ்வளவு பொறுமையான பிள்ளை என்று மெச்சினேன். எனக்கு இருந்த புத்தி அவ்வளவுதான். இது விளையாட்டு என்று வகுப்புக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவளுக்குத் தமிழில் ஒரு தரம் சொல்லியிருக்கலாம். அதே பயத்தில் அதையும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை அவள் வகுப்புக்கு வரவில்லை. கீழே அலுவலகத்தில் தாயோடு நின்றாள். அவர்களை வேறொரு நகரத்துக்கு மாற்றிக் குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது, வாகனமும் வாசலுக்கு வந்துவிட்டது. பள்ளி நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தருவதற்காகத் தாய் தன் பிளாஸ்டிக் பைலைத் திறந்தார். உள்ளே கடிதங்கள், தடுப்பூசி போட்ட துண்டுச்சீட்டு, அடையாள அட்டைகள். அவற்றோடு என் சிவப்பு அட்டை.

"மிஸ், நான் துலைக்கேல்லை," என்றாள் சிறுமி. "அங்கத்தைய பள்ளிக்கூடத்திலயும் இதைக் காட்டினால் காணுமோ?"

நான் கையை நீட்டினேன். "அது சும்மா விளையாட்டுக்குத் தந்தது, பிள்ளை. இஞ்ச தா, வெள்ளை ஒண்டு எழுதித் தாறன்."

"வேண்டாம் டீச்சர்." தாய் பைலை மூடினார். "பிள்ளையின்ர பேர் போட்ட காட். மாத்தித் தாறம் எண்டவங்களிட்டக் குடுத்திட்டு நாங்கள் பட்டது காணும். கைவசம் இருக்கிறது இருக்கட்டும்."

வெளியே ஹோர்ன் அடித்தது. அது கிழிக்க வேண்டியது என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அதற்குள் தாய் பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாகனத்துக்கு நடந்தார். சிறுமி எனக்குக் கை காட்டிவிட்டு ஏறினாள்.

மேலே வகுப்பில் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு சிவப்பு அட்டைகளைக் கிழித்தார்கள். எல்லோருக்கும் வாக்குரிமை என்று எழுதிய பெரிய தாளில் வரிசையாக நின்று கையெழுத்துப் போட்டார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதேன். பதினைந்தில் பதினான்குதான் கிழிந்தது. மற்றது, நான் எழுதிய அவள் பெயரோடு, எங்கேயோ ஒரு பிளாஸ்டிக் பைலில் கசங்காமல் இருக்கிறது.