ஒரு சைபர் போடச் சொன்னார்கள்

தூரதேசத்துக் கணினி ஒன்றிடம் கேள்வி கேட்டு, அது சொல்லும் மறுமொழியை நம்மூர்க் கணினிக்கு விளங்குகிற மாதிரிக் கொண்டுவந்து கொடுப்பதுதான் என் தொழில். மறுமொழி பிடிக்காதவர்களிடம் ஏச்சு வாங்குவதும் அதற்குள் அடக்கம். பைத்தன் என்கிற கணினி மொழியில் நான் எழுதிய சின்ன லைப்ரரி ஒன்று, அதாவது மற்றவர்களும் தங்கள் மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளக்கூடிய நிரல், திருகோணமலைக் கடலில் காற்று எவ்வளவு, அலை எவ்வளவு என்று வெளிநாட்டு வானிலைச் சேவை ஒன்றின் ஏபிஐ என்கிற கேள்வி வாசலில் கேட்டு வாங்கித் தரும். முழுவதும் ஒரே ஒரு ஃபைல். எங்கள் அலுவலகத்துக்குக் கீழே பேக்கரி. ஜன்னலைத் திறந்தால் துறைமுகம். இதே தொழிலில் இருக்கிற நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும், பல் துலக்குவதற்கு முன்பே சேர்வர் உயிரோடு இருக்கிறதா என்று போனைப் பார்க்கும் வருத்தம் உங்களுக்கும் இருக்கும்.

நாங்கள் என்கிற நான்

யாரும் எடுத்துப் பாவிக்கட்டும் என்று அந்த லைப்ரரியை இணையத்தில் போட்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் எங்கோ ஒரு தீவிலிருந்து எழுதினார்: அலை உயரம் அடியிலா, மீற்றரிலா? நான் விருந்து வீட்டில் தண்ணீர்கூடக் கேட்டு வாங்காத ஆள். எழுத்திலும் 'நான்' என்று தொடங்கக் கூச்சமாக இருந்ததால், "நாங்கள் விரைவில் தெளிவுபடுத்துவோம்" என்று பதில் போட்டேன். அடுத்த கடிதம் 'மதிப்புக்குரிய குழுவினருக்கு' என்று வந்து இறங்கியது.

அதன்பிறகு அந்தக் குழுவைக் காப்பாற்றவேண்டி வந்தது. "எங்கள் குழுவில் ஒருவருக்குக் காய்ச்சல், கொஞ்சம் சுணங்கும்" என்று ஒருமுறை எழுதினேன். பொய்யில்லை, காய்ச்சல் எனக்குத்தான். பக்கத்து மேசைச் சுபா எட்டிப் பார்த்து வாசித்துவிட்டு, தலைக்கு மேலே சுற்றிய ஃபேனைக் காட்டிக் கேட்டாள்: "அடியேய், உந்த 'நாங்கள்' ஆர்? நீயும் உந்த ஃபேனுமோ?"

இலேசான சாமான்

ரவி அண்ணை திமிங்கிலம் காட்டப் படகு விடுகிறவர். டிக்கட் கவுண்டரில் ஒரு திரை வைத்து, அன்றைய காற்றைச் சனத்துக்குக் காட்ட ஆசைப்பட்டார். எங்கள் முதலாளி ஃபாரிஸ் நானா அவரைக் கூட்டிவந்து என் கதிரைக்குப் பின்னால் நிறுத்தி, "இலேசான சாமான், பழைய கொம்பியூட்டரிலயும் ஓடும்" என்றார். கொழும்புக் கம்பனி ஒன்று ஏற்கெனவே பெரிய மென்பொருள் ஒன்றைக் காட்டிவிட்டுப் போயிருந்தது. ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பதென்றும், ரவி அண்ணைக்குப் பிடிக்காவிட்டால் லைப்ரரியை மூடிவைத்துவிட்டு நான் ஹோட்டல்களுக்கு வெப்சைட் செய்யப் போவதென்றும் என் தலைக்கு மேலேயே பேச்சு முடிந்தது.

அந்த ஃபைலை ரவி அண்ணைக்கு மேலிருந்து கீழே உருட்டிக் காட்டினேன். இரண்டு உருட்டலில் முடிந்துவிட்டது. அவர் முகம் விழுந்துபோயிற்று. "இவ்வளவுதானோ? கொழும்புப் பெடியள் காட்டி முடிக்கேக்க நான் ஒரு தேத்தண்ணியே குடிச்சு முடிச்சிட்டன்."

வெறுமையாக வந்த காற்று

சில காலைகளில் அந்தச் சேவை காற்று வேகத்துக்கு எண் அனுப்பாது. இடத்தை வெறுமையாக விட்டுவிடும். அப்போது என் லைப்ரரி திரையில் 'தெரியாது' என்று போடும். அப்படி ஒரு காலையில், வரிசையில் நின்ற சனம் திரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஊர்க் கோட்டைக்குள் திரியும் மான்களைப் பார்க்கப் போய்விட்டது. ரவி அண்ணை போன் எடுத்துப் போட்ட சத்தம் கீழே பேக்கரி வரைக்கும் கேட்டிருக்கும். "தெரியாது எண்டு சொல்ல எனக்கொரு மெஷின் வேணுமோ? அதை நான் சும்மாவே சொல்லுவனே!"

ஃபாரிஸ் நானா போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "வெறுமையா வந்தா ஒரு சைபரப் போடச் சொல்லுறார் தங்கச்சி," என்றார். சைபர், அதாவது பூச்சியம், என்றால் காற்று இல்லை என்று அர்த்தம். வெறுமை என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். இதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன், தலைதான் ஆடியது. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். "போட்டு விடுங்களன். ஒரு வரிதானே?"

ஒரு வரி

ஒரு வரிதான். அதனால்தான் இருப்புக்கொள்ளவில்லை. ஃபைலைத் திறப்பேன், அந்த இடத்தில் போய் நிற்பேன், மூடுவேன். எழும்பி ஜன்னலுக்குப் போவேன். துறைமுகத்துக்குள் தண்ணீர் எப்போதும் குளம்மாதிரித்தான் கிடக்கும். துறைமுக வாய்க்கு வெளியே கடல் எப்படி என்று இங்கிருந்து தெரியாது. தெரியாத அந்த இடத்துக்குத்தான், ஒரு சைபரை நம்பி, மிதவைச் சட்டை போட்ட சனம் போகப்போகிறது. திரும்பி வந்து ஃபைலைத் திறப்பேன்.

நல்லகாலம், அந்த நாட்களில் எண்கள் ஒழுங்காக வந்தன. நான் சொல்வழி கேட்கவில்லை என்பது வெளியே தெரியவில்லை. "போட்டாச்சா?" என்று ஃபாரிஸ் நானா கேட்கும்போதெல்லாம் "பாத்துக்கொண்டிருக்கிறன்" என்பேன். சுபாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு வரிக்கு இவ்வளவு நாளெண்டா, உனக்குக் கலியாணம் பேசினா ஓமெண்டு சொல்ல முதல் மாப்பிள்ளை பென்ஷன் எடுத்திடுவான்."

படியேறி வந்தவர்

ஒரு காலை, ஃபாரிஸ் நானா வருவதற்கு முன்பே ரவி அண்ணை படியேறி வந்தார். நான் விழாத பேனையை மேசைக்குக் கீழே தேடத் தொடங்கினேன். அவர் ஏசவில்லை. கவுண்டர்த் திரையைப் படமெடுத்த போனை நீட்டினார். காற்று: சைபர். "இண்டைக்கு என்ர மகளும் அவவின்ர வகுப்புப் பிள்ளையளும் படகில போகினம்" என்றார் மெதுவாக. "தங்கச்சி, இது வந்த சைபரோ, நான் போடச் சொன்ன சைபரோ?"

"வந்தது" என்றேன். சுபா திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக வந்துவிட்டது. வந்ததுதான் வந்தது என்று மிச்சத்தையும் சொன்னேன்: "நீங்கள் சொன்னதை நான் போடேல்லை அண்ணை. போடவும் மாட்டன்."

அவர் போனைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "போடாதேங்கோ" என்றார். பாதிப் படி இறங்கியவர் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார். "ஆனா 'தெரியாது' எண்டதுக்குக் கீழ 'கொஞ்சம் நில்லுங்கோ' எண்டும் போட்டு விடுங்கோ. சனம் மான் பாக்க ஓடுது."

அன்றைக்கே அந்தக் 'கொஞ்சம் நில்லுங்கோ'வைச் சேர்த்து, 'நாங்கள் திருத்திவிட்டோம்' என்று குறிப்பும் எழுதினேன். ஃபேன் மறுப்பேதும் சொல்லவில்லை.