சத்தியமா நான் இல்லங்க

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஒரு நண்பர் வீட்டில் ஐந்து பேராக போர்டு கேம் ஆடுவோம். துறைமுகத்தில் வேலை பார்க்கிற அந்த நண்பர் ஒருமுறை புதிதாக ஒரு கப்பல் ஆட்டம் வாங்கியிருந்தார். எல்லோரும் சேர்ந்து கப்பலைக் கரை சேர்க்க வேண்டும். ஆனால் துரோகிச் சீட்டு கிடைத்தவர் மட்டும் ரகசியமாக அதை மூழ்கடிக்கப் பார்ப்பார். சந்தேகம் வருகிறவரைக் கை தூக்கி ஓட்டுப் போட்டுக் கப்பலிலிருந்து இறக்கிவிடலாம்.

எல்லோருக்கும் என் மனைவி மேல்தான் சந்தேகம். அவள் என் கண்ணைப் பார்த்து, "சத்தியமா நான் இல்லங்க" என்றாள். அவளுக்காக மற்றவர்களோடு சண்டையே போட்டேன். கப்பல் மூழ்கியதும் சிரித்துக்கொண்டே சீட்டைத் திருப்பினாள். துரோகி அவள்தான்.

திரும்பும்போது, வரிசையாக நின்ற கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கை ஓட்டிக்கொண்டே கேட்டேன்.

"ஏளா, என் மூஞ்சியப் பாத்து எப்படிப் பொய் சொன்ன?"

"ஆட்டம்தானங்க. இதுக்குப் போய் கோவப்படுதீங்களே."

அடுத்த வாரமும் அதே ஆட்டம். அவள் அதே மாதிரி சத்தியம் செய்தாள். "இவள நம்பாதீங்க" என்று முதலில் கை தூக்கியது நான்தான். நால்வரும் சேர்ந்து அவளைக் கப்பலிலிருந்து இறக்கினோம்.

அவள் சீட்டைத் திருப்பி வைத்தாள். வெறும் மாலுமி.

அன்று வீடு வரும்வரை அவள் என் தோளில் கை வைக்கவில்லை. பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.